பிரசவம் முடிந்தது, பயம் முடியவில்லை

குழந்தை பிறந்த செய்தி கிடைத்ததும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற நம் பந்துமித்திரர்கள் அங்கே போய்க் கேட்கிற கேள்விகள் தலைமுறை தலைமுறையாக மாறாதவை: என்ன குழந்தை, எத்தனை கிலோ, சுகப்பிரசவமா ஆபரேஷனா. இவற்றுக்கு விடை கிடைத்ததும், குழந்தையின் மூக்கு எந்தத் தாத்தாவைக் கொண்டிருக்கிறது என்ற ஆராய்ச்சியில் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறவளிடம், உள்ளே உனக்கு என்ன நடந்தது, எதற்காவது பயந்துவிட்டாயா என்று விசாரிக்கிற சம்பிரதாயம் நம்மிடம் இல்லை. விசாரிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதுமில்லை. இரண்டு உயிரும் தனித்தனியாகப் பிரிந்து பிழைத்துவிட்டன அல்லவா? நம் பாட்டிமார் காலத்தில் அந்த ஒன்றே பெரும் பாக்கியமாக இருந்தபடியால், அதற்கு மேல் கேட்பது பேராசை என்றே நாம் பழகிவிட்டோம்.

பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்த விசாரிப்பு இல்லாமலே காரியம் நடந்துவிடுகிறது. வலியின் ஞாபகம் நாளடைவில் மங்கி, குழந்தையின் முதல் சிரிப்பில் கரைந்தும் போகிறது. ஆனால் சிலருக்கு அது மங்குவதேயில்லை. தையல் ஆறி, தலைக்கு ஊற்றி, தொட்டில் போட்டு, வந்திருந்த உறவினரெல்லாம் ஊர் திரும்பி, குழந்தைக்கு மூன்றாம் மாதமும் நடந்துகொண்டிருக்கையில், பால் கொடுத்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணின் கண்முன் பிரசவ அறையின் விளக்கு திடீரென்று எரியத் தொடங்குகிறது. யாரோ ஓடி வரும் காலடிச் சத்தமும், “பாப்பா துடிப்பு குறையுது” என்ற குரலும், தன் கால்களைப் பிடித்து அழுத்திய கைகளின் பலமும், அன்று நடந்த நிகழ்ச்சியின் நினைவாக இல்லாமல் இப்போதுதான் நடக்கிற நிகழ்ச்சியாகவே அவளுக்குப் பிரத்தியட்சமாகின்றன. உடம்பு வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மடியில் குழந்தை இருப்பதே ஒரு கணம் மறந்துபோகிறது. இரவில் அதே காட்சி கனவாக வருகிறது. அந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வழியாக ஆட்டோ போகக்கூடாது என்கிறாள். டெட்டால் வாசனை பட்டால் குமட்டுகிறது என்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்கு ஏதேதோ சாக்குச் சொல்லிப் போகாமலிருக்கிறாள். குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறவளும் இவள்தான். எல்லோரும் கொஞ்சுகிற அந்தக் குழந்தையைத் தூக்கும்போது தனக்கு மட்டும் ஒன்றுமே தோன்றவில்லையே என்று யாரிடமும் சொல்ல முடியாமல் வெட்கிப் போகிறவளும் இவள்தான்.

மனோவைத்தியர்கள் இதனை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்கிறார்கள்; பி.டி.எஸ்.டி. என்ற சுருக்கெழுத்துப் பெயரில் பத்திரிகை வாசகர்கள் பலருக்கு இது அறிமுகமாகியிருக்கும். வேண்டாத ஞாபகங்கள் அழையாமல் வந்து தாக்குவது, அவற்றைக் கிளப்பக்கூடிய இடங்களையும் பேச்சுகளையும் விலக்கி நடப்பது, தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் எண்ணங்கள் கறுத்துப்போவது, எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கி உடம்பும் மனமும் விறைத்தே இருப்பது ஆகிய லக்ஷணங்கள் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைக்குமானால், அது நோய் என்பது வைத்திய சாஸ்திரத்தின் நிர்ணயம். பிரசவமான முதல் சில வாரங்களில் அழுகையும் கலக்கமும் வருவது அநேகருக்கு இயல்பாதலால், அந்த ஒரு மாத அவகாசத்தை வைத்தியர்கள் நியாயமாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்த நோய் முதலில் யுத்தகளத்தின் நோயாகவே அறியப்பட்டது. முதல் உலக யுத்தத்தில் குண்டு வெடிப்பின் நடுவே இருந்து உடம்பில் காயமில்லாமல் திரும்பிய சிப்பாய்கள் பார்வையும் ஞாபகமும் தடுமாறி நின்றதைப் பற்றி, சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1915-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பின் இன்னோர் உலக யுத்தமும் வியட்நாம் யுத்தமும் நடந்து முடிந்த பிறகே, 1980-ல், அமெரிக்க மனோவைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்த நோய் தன் இன்றைய பெயருடன் இடம் பெற்றது. அப்போது அதற்கு எழுதிய விளக்கத்தில், மனிதரின் சாதாரண அனுபவ எல்லைக்கு வெளியே உள்ள ஒரு சம்பவத்தால் விளைவது என்று ஒரு கருத்தைச் சேர்த்திருந்தார்கள். யுத்தம், பலாத்காரம், பூகம்பம் இவையெல்லாம் அந்த விளக்கத்துக்குள் அடங்கின. பிரசவமோ உலகத்தில் நாள்தோறும் லட்சக்கணக்கில் நடப்பதால் சாதாரண அனுபவம் என்று வெளியே நிறுத்தப்பட்டது. அந்த வாசகத்தை எழுதியவர்களில் பாதிப் பேராவது பிரசவ மேஜையில் படுத்து அறிந்தவர்களாக இருந்திருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிரான்சு தேசத்தில் மோனிக் பிட்லோவ்ஸ்கியும் ரவுல்-டுவாலும் 1978-லேயே, அதாவது அந்தப் பட்டியல் வருவதற்கு இரண்டாண்டு முன்பே, கடினமான பிரசவத்துக்குப் பின் தாய்மார்களுக்கு வரும் பீதிக் கனவுகளையும் அடுத்த கர்ப்பத்தில் தலைகாட்டும் பயத்தையும் விவரித்து, கவனிக்கப்படாத ஒரு மனோவியாதி இது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரையை அக்காலத்தில் அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1994-ல் அமெரிக்கப் பட்டியல் திருத்தி எழுதப்பட்டு, அனுபவத்தின் அபூர்வம் என்ற நிபந்தனை நீக்கப்பட்டு, உயிருக்கோ உடம்புக்கோ நேரும் ஆபத்தே அளவுகோல் என்று ஆன பிறகுதான் தாய்மார்களுக்கு வாசல் திறந்தது. அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் பெருகின. அவற்றைத் திரட்டிக் கணக்கிட்ட இல்டிஸ், ஏயர்ஸ், ஃபிலிப்ஸ் ஆகியோர் 2017-ல் கண்ட விவரம் இது: பொதுவாகப் பிரசவிக்கும் தாய்மார்களில் நூற்றுக்கு 4 பேருக்கு இந்த நோய் காணப்படுகிறது, அவசர ஆபரேஷன், குறைப்பிரசவம், கர்ப்பகாலச் சிக்கல்கள், முன்பே இருந்த மனத்துன்பம் முதலான அபாயங்கள் உள்ளவர்களிடையே அது நூற்றுக்கு 18.5 என்று ஏறுகிறது.

நூற்றுக்கு நாலு என்றால் சொற்பம் என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாடுகளில் நடந்தவை என்பதை மறக்காமல், ஓர் உத்தேசத்துக்காக அதே விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால்கூட, வருஷத்துக்கு முப்பதாயிரம் தாய்மார்கள் என்றாகிறது. முப்பதாயிரம் பேருக்கு ஒரு வருஷத்தில் எலும்பு முறிவு வந்தால் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி நம் நாட்டில் ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமத் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியான ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்தின் பின் புதிதாக மனச்சோர்வு உண்டானதைக் கண்டது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாருடன் பிணக்கு, வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை என்று அது கூறிய காரணங்களைப் படிக்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணும் ஆச்சரியப்பட மாட்டாள். மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோவில் 1987-ல் வகுத்த பத்துக் கேள்விப் பட்டியல் தமிழிலும் வந்து, வேலூரில் சோதிக்கப்பட்டு, நல்ல பயன் தருகிறது. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றேனும், பிரசவ அறை உன் கண்முன் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்பதில்லை. மனச்சோர்வு கொண்டவள் எதிலும் ருசியற்றுத் துவண்டு கிடக்கிறாள். இந்த நோய் கொண்டவளோ புலி துரத்துகிறவளைப் போல உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். இரண்டும் ஒருத்தியிடமே சேர்ந்து வருவதும் உண்டு. ஆனாலும் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், அவளுடைய சோர்வு ஒருவேளை குறையலாம், அந்தப் பீதி அப்படியே இருக்கும்.

இந்த நோய் யாருக்கு வருகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை வைத்திய உலகத்தையே சிறிது திகைக்க வைத்தது. ரத்தப்போக்கு மிகுந்து உயிர் ஊசலாடியவர்கள், கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்தவர்கள், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், பிறந்த உடனே குழந்தை இன்குபேட்டருக்குப் போய்விட வெறுங்கையோடு வார்டில் கிடந்தவர்கள் என்று எதிர்பார்க்கக்கூடியவர்களெல்லாம் அதில் இருந்தார்கள். ஆனால் ஒரு சிக்கலும் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்ட பிரசவத்துக்காரிகளும் கணிசமாக இருந்தார்கள். அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் ஷெரில் பெக், நான்கு நாடுகளைச் சேர்ந்த 40 தாய்மார்களின் கதைகளைச் சேகரித்து 2004-ல் எழுதியபோது, அவர்களைக் குலைத்தவை எவை என்று தேடிப் பார்த்தார். யாரும் தன்னிடம் எதையும் சொல்லவில்லை; தன்னை ஒரு மனுஷியாக யாரும் மதிக்கவில்லை; தான் சொன்னதை யாரும் நம்பவில்லை; குழந்தை நன்றாகப் பிறந்தபடியால் தான் பட்ட பாடு ஒரு பொருட்டே அல்ல என்று ஆகிவிட்டது. இவையே அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பக் கூறிய குறைகள். வைத்தியர் தம் அனுபவத்தில் ஆயிரத்தில் ஒன்றாகப் பார்த்து மறந்துவிட்ட பிரசவம், அதே மேஜையில் கிடந்தவளுக்கு மரணத்தைத் தொட்டுத் திரும்பிய பிரசவமாக இருக்கக்கூடும் என்பதுதான் பெக்கின் கண்டுபிடிப்பு. பிற்காலத்து ஆய்வுகளும் பிரசவ நேரத்தில் தாய்க்கு உண்டாகும் பீதி, செயலற்றுப் போன உணர்ச்சி, பக்கத்தில் ஆதரவுக்கு ஆளில்லாமை ஆகியவை நோய்க்கு வலுவான முன்னறிகுறிகள் என்றே கூறுகின்றன.

இங்கே நம் பிரசவ வார்டுகளைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. அதற்கு முன், அந்த வார்டுகள் செய்திருக்கிற மகத்தான காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். நன்றி மறந்து குறை கூறுவது நியாயமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் மிஷனரி வைத்தியரின் மகளாக இருந்த ஐடா ஸ்கடர், பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவும்படி ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து கெஞ்சியதையும், தான் வைத்தியம் கற்றவளல்லள், தன் தந்தையை அழைத்துப் போங்கள் என்று கூறியபோது, ஆண் வைத்தியர் எங்கள் பெண்களைத் தொடலாகாது என்று அவர்கள் திரும்பிப் போனதையும், விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் மாண்டதையும் கண்டு மனம் கலங்கி, அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியசாலை தொடங்கிய சரித்திரம் நம்மில் பலர் அறிந்ததே. சென்னையில் 1844-லேயே தோன்றிய பிரசவ ஆஸ்பத்திரி எழும்பூரில் இன்றும் நடக்கிறது. அந்த நாளிலிருந்து ஊர் ஊராக நர்ஸ்களும் டாக்டர்களும் உழைத்த உழைப்பின் பலன், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன; லட்சம் பிரசவங்களுக்கு இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை 2018-20 கணக்கில் 54-ஆகக் குறைந்திருந்தது. எந்த நாட்டவரும் மெச்சத்தக்க சாதனை இது.

ஆனால் இத்தனை பெண்களையும் உள்ளே கொண்டு வந்து சேர்த்த நாம், உள்ளே அவர்களை எப்படி நடத்துகிறோம்? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விடுவதோ அதைவிடக் கூச்சம். வலி பொறுக்காமல் கத்துகிறவளைப் பார்த்து, “அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்கு வலிக்குதா?” என்று கேட்கிற குரலைத் தமிழ்நாட்டுப் பிரசவ வார்டுகளில் படுத்து எழுந்த பெண்களில் அநேகர் கேட்டிருக்கிறார்கள்; ஜாதி மத பேதமின்றி, படித்தவள் படிக்காதவள் என்ற வித்தியாசமின்றி எல்லோரிடமும் சமத்துவமாகப் பிரயோகிக்கப்படும் வாக்கியம் அது. தொடையில் விழுகிற அடி, திரையை இழுக்காமலே நடக்கும் உள்சோதனை, ஒருவர் பின் ஒருவராகக் கையுறை மாட்டிக்கொண்டு வரும் மாணவர்கள், மரத்துப்போகிற ஊசி வேலை செய்வதற்கு முன்பே ஓடத் தொடங்கும் தையல், “முக்கு, முக்கு” என்று வயிற்றின் மேல் ஏறி அழுத்தும் கைகள், பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி அலறுவதைக் கேட்டுக்கொண்டே தன் முறைக்காகக் காத்திருத்தல் ஆகிய இவற்றில் சில, நெருக்கடியில் உயிரைக் காக்கத் தவிர்க்க முடியாமலும் போகலாம். ஆனால் “இப்போது இதைச் செய்யப் போகிறேன், கொஞ்சம் வலிக்கும்” என்று முன்கூட்டிச் சொல்வதற்கு எந்த நெருக்கடியிலும் நாலு விநாடிக்கு மேல் பிடிக்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2014-ல், பிரசவ அறைகளில் நிகழும் அவமரியாதையும் கொடுமையும் ஒழிய வேண்டும் என்று தனியே ஓர் அறிக்கை வெளியிட நேர்ந்ததிலிருந்தே, இது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதியல்ல என்பது விளங்கும்.

நர்ஸ்களை மட்டும் குற்றம் கூறிவிட்டுக் கைகழுவுவது எளிது. இரவு டூட்டியில் ஒருவர் இத்தனை பேரைக் கவனிக்க வேண்டும் என்ற கணக்கே இல்லாமல் ஒரு ஸ்திரீயை நிறுத்திவைத்து, ஒரு தாய் இறந்தால் மேலிடத்து விசாரணை, ஒரு தாய் அவமானப்பட்டால் விசாரணையே இல்லை என்று நிர்வாகத்தை அமைத்துவிட்ட பிறகு, அவர்களிடம் எஞ்சுகிற பொறுமை எவ்வளவு இருக்கும்? அடுத்தடுத்து விபரீதமான பிரசவங்களைக் கண்ட செவிலியர்களுக்கும் இதே நோய் வருவதுண்டு என்பது பலர் அறியாத விஷயம்.

தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏச்சுப்பேச்சு குறைவு; அங்கே வேறு விதமான திகில். அதே தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன் ஆபரேஷன். தனியாரிடத்தில் மட்டும் பார்த்தால் 63.8. இந்த ஆபரேஷன்கள் பலவற்றில் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன என்பதில் சந்தேகமில்லை. முன்கூட்டி நாள் குறித்துச் செய்வதைவிட, பத்து மணி நேரம் வலியெடுத்துக் களைத்தவளிடம், “உடனே தியேட்டருக்குப் போகணும்” என்று ஒரு வாக்கியத்தை மட்டும் கூறி, கணவனிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அவசர ஆபரேஷன்தான் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகும் பிரக்ஞை முழுதும் விழித்திருக்கிறது. திரைக்கு அப்பால் குழந்தை அழும் ஓசை எழ வேண்டிய நேரத்தில் எழாமல், ஒருவரும் ஒன்றும் பேசாமல் கழிகிற அந்த அரை நிமிஷத்தை, குழந்தை அழுதுவிட்ட பிறகும், அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், சில தாய்மார்களால் கடக்க முடிவதில்லை.

திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிரசவ காலம் நெருங்கிய ரத்னாவதி என்ற பெண்ணுக்குத் துணையிருக்கப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் வந்துவிட்டபடியால் அக்கரையிலேயே நின்றுவிட, மகளின் தனிமையைக் கண்டு மனமிரங்கிய இறைவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும் வரை கூடவே இருந்தார் என்பது தலபுராணம். ஒரு தேர்ந்த மருத்துவச்சியின் உருவத்தில் அவர் வந்திருக்கலாம். கடவுளாகவே தோன்றி ஒரு வரத்தால் காரியத்தை முடித்திருக்கலாம். அம்மாவாகத்தான் வர வேண்டும் என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கர்ப்பிணிகளின் வீட்டார் இன்றும் வாழைத்தார் சாத்தி வேண்டிக்கொள்கிற அந்தச் சந்நிதியில் போற்றப்படுவது வேறொன்றுமில்லை, பிரசவ நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு துணை.

புராணம் கூறியதை ஆராய்ச்சியும் ஆமோதித்துவிட்டது. பல நாடுகளில் 15,000-க்கும் அதிகமான தாய்மார்களை வைத்து நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட முடிவின்படி, பிரசவம் முழுவதும் ஒருவர் இடைவிடாமல் துணையிருந்தால் இயற்கைப் பிரசவம் அதிகமாகிறது, வலியெடுக்கும் நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிக் கசப்பான எண்ணம் கொள்ளும் தாய்மார்களும் குறைகிறார்கள். இவ்வளவு பலன் தரும் ஒரு மருந்து கம்பெனியில் தயாராகியிருந்தால் அதன் விலை என்ன ஆகியிருக்குமோ! அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதற்கு முன்பே இந்த ஏற்பாடு தொடங்கியிருந்தது. 2017 டிசம்பரில் வந்த ‘லக்ஷ்யா’ திட்டம் பிரசவ அறைகளில் மரியாதையான பராமரிப்பையும் ஒரு தரமாக வகுத்தது. உத்தரவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டிலுக்குக் கட்டில் தடுப்புத் திரை இல்லாத அறையில் நாலு பெண்கள் ஒரே சமயத்தில் பிரசவித்துக்கொண்டிருக்கும்போது, மற்றவர்களின் மானத்தை உத்தேசித்து, “அம்மா, நீங்க வெளியில இருங்க, கூப்பிடுறோம்” என்றுதான் நர்ஸ் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் மனோதத்துவத்தைவிடத் தச்சு வேலைக்கு முதலிடம் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தடுப்பும், துணை உட்கார ஒரு ஸ்டூலும் முதலில் வரட்டும்.

வெனிசுலா நாடு 2007-ல் பிரசவ அறைக் கொடுமையைச் சட்டத்திலேயே ஒரு குற்றமாக வகுத்தது. பிரிட்டனில் தியோ கிளார்க் என்ற பாராளுமன்ற உறுப்பினர், பிரசவத்தில் தாம் செத்துவிடப் போவதாகவே நினைத்த அனுபவத்தை 2023 அக்டோபரில் சபையில் கண்ணீருடன் விவரித்தார். அதன் தொடர்ச்சியாகப் பல கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து நடத்திய விசாரணைக்கு 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுதி அனுப்பினார்கள். 2024 மே மாதம் வெளியான அதன் அறிக்கை அந்நாட்டு ஆஸ்பத்திரிகளின் மேல் கொஞ்சமும் தாட்சண்யம் காட்டவில்லை. நம் ஊரிலும் தண்டனைச் சட்டம் வேண்டும் என்று சிலர் கூறுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஏற்கெனவே ஒரு மரணம் நேர்ந்தால் உறவினர் கூட்டம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிகளை உடைக்கிற தேசத்தில், டாக்டரின் பயத்தையும் கூட்டிவிட்டால், அந்தப் பயத்தின் முதல் விளைவு இன்னும் பல சிசேரியன்களாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவளுக்கு நம் பழைய வழக்கங்கள் தருகிற ஆதரவைக் குறைத்துச் சொல்லலாகாது. தாய்வீட்டில் நாற்பது நாள் ஓய்வு, பிள்ளை பெற்ற மருந்து, பூண்டும் கருவாடுமாகப் பத்தியச் சாப்பாடு, குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு கைதேர்ந்த கிழவி என்று மேலைநாட்டுத் தாய்மார்கள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடுகள் நம்மிடம் இருந்தன, பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பச்சை உடம்புக்காரியின் வயிற்றுக்கும் இடுப்புக்கும் பாலுக்கும் பக்குவம் பார்த்த அந்தச் சாஸ்திரம், அவளுடைய பேச்சுக்கு மட்டும் பக்குவம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை ஆரம்பித்தாளானால், “நாங்க எட்டுப் பெத்தோம், இப்படியா அழுதோம்?” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எட்டுப் பெற்ற பாட்டியைத் தனியே உட்காரவைத்து, முதல் பிரசவத்தைப் பற்றி நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வருஷம் கழித்தும், அன்று பெய்த மழையையும், மருத்துவச்சி சொன்ன சொல்லையும், விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோனதையும் அவள் ஒன்று விடாமல் சொல்லுவாள், சொல்லும்போதே குரல் கம்மும். அவர்கள் அழாமலிருந்தார்கள் என்பதல்ல விஷயம். அழுததை ஏனென்று கேட்க ஆளில்லாமலிருந்தார்கள்.

வீட்டுக்குள் இந்த நோயின் உபத்திரவம் பலவிதமாக வெளிப்படுகிறது. கணவன் அருகில் வந்தாலே உடம்பு விறைத்துப் போகிறது. அதன் காரணம் அவளுக்கே சொல்லத் தெரியாததால் அவன் தன்னை வெறுக்கிறாள் என்று எண்ணிக்கொள்கிறான். ஊரார் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு மண்டபம் பார்க்கிற வேளையில் அவளுக்குத் தூக்கம் கெடுகிறது, ஏனெனில் குழந்தையின் பிறந்த நாள் எதுவோ அதுவேதான் அவளுடைய அந்த நாளும். அடுத்தது எப்போது என்று மாமியார் கேட்கத் தொடங்கினால் விபரீதம் முற்றுகிறது. பிரசவத்தின் மேல் கொள்ளும் இத்தகைய பெரும் பீதியை ஹாஃப்பெர்க், பிராக்கிங்டன் என்ற இரு வைத்தியர்கள் 2000-ல் டோகோஃபோபியா என்று தனியே விவரித்தார்கள். குழந்தை வேண்டும் என்ற ஆசை நிறைய இருந்தும் கர்ப்பத்தையே தவிர்க்கிறவர்களும், முதல் நாளிலேயே ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று டாக்டரைக் கெஞ்சுகிறவர்களும் அவர்களில் உண்டு. ஒரே குழந்தையோடு நிறுத்திக்கொண்ட பெண்களைச் சுகவாசிகள் என்று ஏசுகிற உறவினர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

சிகிச்சை உண்டு என்பதுதான் இந்த அத்தியாயத்தில் மகிழ்ச்சிக்குரிய பகுதி. பீதி கொண்ட ஞாபகத்தைப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு பாதுகாப்பாக அணுகி, படிப்படியாக அதன் கூர்மையை மழுங்கச் செய்கிற அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், அந்த ஞாபகத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டே கண்களை இருபுறமும் அசைக்கச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் நல்ல பலன் தருவதாக நிரூபணமாகியிருக்கின்றன. மருந்து தேவைப்பட்டால், தாய்ப்பாலுக்குப் பாதகமில்லாதவையாகத் தேர்ந்து கொடுக்க மனோவைத்தியரால் முடியும். பால் கொடுக்கிறோமே என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது வேண்டாத தியாகம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பிரசவமான மறுநாளே வந்து உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் மறுபடி மறுபடி விவரமாகச் சொல் என்று ஒரே அமர்வில் கிளறிவிடுவது நன்மை செய்வதில்லை என்று கண்டு, பிரிட்டனின் வைத்திய வழிகாட்டிகள் அதைக் கூடாது என்றே தடுத்திருக்கின்றன. அவள் தானாகச் சொன்னால் கேட்க வேண்டும், தோண்டலாகாது. பிரசவம் பார்த்த டாக்டர், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் கட்டிலருகே வந்து, அன்று எதற்காக ஓடினோம், எதற்காக வெட்டினோம் என்று எளிய தமிழில் விளக்கிச் சொல்வது வேறு. அது சிகிச்சையல்ல, மரியாதை.

பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதித்து வைத்தியம் பார்க்கிற தனிப் பிரிவு நடக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்று விதித்திருக்கிறது. பைத்தியம் என்று பட்டம் கட்டிக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சி வாய் திறக்காதவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் முதல் படி, நோயைக் கண்டுபிடிப்பது. அதற்குப் புதிதாக ஒரு இலாகா தேவையில்லை. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட, தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாத் தாய்மார்களும் ஏதோ ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணைச் சுகாதார நிலையத்துக்கோ வந்து சேருகிறார்கள். நோய் என்று நிர்ணயிக்கத் தேவையான ஒரு மாத அவகாசமும் அதற்குள் கடந்துவிட்டிருக்கும். அன்று குழந்தையின் எடையை அட்டையில் குறித்துக்கொள்கிற கிராம சுகாதார செவிலியர், மாமியாரைச் சற்று அப்பால் உட்காரச் சொல்லிவிட்டு, பிரசவத்தைப் பற்றிய கெட்ட கனவோ திடீர் ஞாபகமோ வருகிறதா, அதைப் பற்றிய பேச்சையும் இடத்தையும் விலக்கி நடக்கிறாயா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, ஆம் என்றவர்களை மாவட்ட மனநலத் திட்டத்து வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் உத்தரவு பிறப்பித்தால் போதும். பத்தாவது வாரத்திலும் பதினாலாவது வாரத்திலும் அதே தாய் அதே இடத்துக்கு வருவாளாதலால், முதலில் சொல்லக் கூசியவள் பிறகு சொல்லவும் வழியுண்டு. அந்த உத்தரவு வரும் வரை காத்திராமல், இந்தக் கட்டுரையில் தன்னையே கண்டுகொண்ட தாயோ, தன் வீட்டுப் பெண்ணைக் கண்டுகொண்ட கணவனோ, ‘டெலி மானஸ்’ என்ற அரசாங்க மனநலச் சேவையைக் கட்டணமின்றி எந்த நேரத்திலும் தமிழிலேயே கூப்பிடலாம், எண் 14416. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் தலைகாட்டியிருந்தால் ஒரு நாளும் தாமதியாமல் அவளை நேராக ஆஸ்பத்திரிக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.